நாற்பது துளிக் கணக்கு

நாற்பது துளி குருதி திரண்டால்தான் ஒரு துளி விந்தாம்! இந்தக் கணக்கை எழுதியவன் யார்? எந்த ஆய்வுக்கூடத்திலே அளந்தான்? கேட்பாரில்லை. கேளாததால், விடுதி அறைகளிலே முகாமிடும் 'பரம்பரை' வைத்தியரின் பெட்டி நிரம்புகிறது; நம் இளைஞனின் பை காலியாகிறது, நெஞ்சமும் நடுங்குகிறது.

உடற்கூற்றியல் உரைப்பதென்ன? விந்து குருதியின் சாறு அன்று. பெரும்பகுதி, விந்துப்பைகளும் புராஸ்டேட் சுரப்பியும் சுரக்கும் நீர். விரைகளிலே பிறக்கும் உயிரணுக்கள் அதிலே மிகச் சிறு பங்கே. உறக்கத்தில் அது வெளியேறுவது நோயன்று. பருவமெய்திய உடலின் இயல்பு. "இடப்புற விரை தாழ்ந்துவிட்டது, நரம்பு தளர்ந்துவிட்டது" என்று மிரட்டுகிறாரே, பெரும்பாலான ஆண்களுக்கு அது தாழ்ந்தே இருக்கும். அந்த வைத்தியருக்கும் அப்படித்தான் இருக்கக்கூடும்!

இத்தகைய மருந்து விளம்பரங்களைத் தடுக்க 1954-இலேயே சட்டம் பிறந்தது. சுவரொட்டிகள் மட்டும் அதைப் படிக்கவில்லை போலும்.

பணம் போவது சிறிது. மெய்யான நோய் வரும்போது இதே வெட்கம் வாயைப் பூட்டுகிறதே, அதுவன்றோ பெருங்கேடு! விரை முறுக்கிக்கொண்டால் குருதியோட்டம் நின்றுபோகும். ஏறத்தாழ ஆறு மணி நேரத்திற்குள் முறுக்கை அவிழ்க்காவிட்டால் விரையையே இழக்க நேரிடும். வலியால் துடிக்கும் சிறுவனோ, தாயிடம் சொல்லக் கூசி, விடியட்டும் என்று கிடக்கிறான்! யானைக்கால் நோயின் புழுவால் விரைவீக்கம் கண்டவர், அதை அறுவையால் நீக்க வழியிருந்தும், வேட்டிக்குள் மறைத்து ஆண்டுக்கணக்கில் சுமக்கிறார்.

நாம் கேட்கிறோம்: இதயத்தையும் கண்ணையும் கரும்பலகையிலே வரைந்து காட்டும் ஆசிரியர், இந்தப் பாடம் வந்ததும் "வீட்டிலே படித்துக்கொள்ளுங்கள்" என்று பக்கத்தைப் புரட்டுகிறாரே, வீட்டிலே யாரிடம் கேட்பான் அந்தப் பிள்ளை?