ராத்திரியில் லேப்டாப்பை அணைக்க வேண்டுமா?

வேலை முடிந்ததும் லேப்டாப்பை ஷட் டவுன் செய்ய வேண்டுமா, மூடி வைத்தாலே போதுமா? கல்லூரிப் பிள்ளைகள் இருக்கும் திருத்தணி வீடுகளில் இந்தக் கேள்வி பெரும்பாலும் கரண்ட் பில்லை நினைத்துத்தான் எழுகிறது. அந்தக் கவலையை முதலில் தீர்த்துவிடுவோம். ஸ்லீப்பில் இருக்கும் லேப்டாப், திறந்து வைத்த வேலையை மறக்காமலிருக்க பெரும்பாலும் மெமரிக்குத்தான் மின்சாரம் எடுக்கிறது. ஏறத்தாழ ஒரு வாட். எட்டு மணி நேரத் தூக்கத்துக்கு ஆகும் செலவு, பழைய சீலிங் ஃபேன் ஆறேழு நிமிடம் சுற்றுவதற்குச் சமம். மாதம் முழுக்கச் சேர்த்தாலும் கால் யூனிட்தான். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகக் கிடைக்கும் தமிழ்நாட்டில் இது ஒரு கணக்கே இல்லை.

அணைத்தே தீரவேண்டும் என்ற பழக்கம் காரணமில்லாமல் வந்ததல்ல. அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று திருத்தணி அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கியது. அந்தக் காலத்து லேப்டாப்புகளில் இருந்தது சுழலும் ஹார்டு டிஸ்க். ஓடும்போது தூக்கி அசைத்தால் கெட்டுப்போகலாம். இன்று வருபவற்றில் பெரும்பாலும் எஸ்.எஸ்.டி.; அதில் சுழல்வது எதுவும் இல்லை.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு வேடிக்கை உண்டு. 2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, ஷட் டவுன் கொடுத்தாலும் கணினி முழுதாக அணைவதில்லை. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி, இயங்குதளத்தின் மையப் பகுதியை டிஸ்க்கில் எழுதி வைத்து, மறுநாள் அதையே எடுத்து ஓட்டுகிறது. அதனால் தினமும் பொறுப்பாக அணைப்பவருக்கும் "ஹேங் ஆகுது" என்ற புலம்பல் தீராமல் போகலாம். அதற்கு மருந்து ரீஸ்டார்ட். எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்குவது அதுதான். வாரம் ஒருமுறை போதும்.

திருத்தணிக்காரர்கள் கவலைப்பட வேண்டியது வேறொன்றுக்கு. கோடையில் வேலூரோடு போட்டி போட்டுக்கொண்டு வானிலை அறிக்கையில் இடம்பிடிக்கும் ஊர் இது. மே மாதத்தில் 40 டிகிரி தாண்டுவது வழக்கம். பகல் முழுக்கக் காய்ந்த மொட்டைமாடிக்குக் கீழுள்ள அறை நள்ளிரவிலும் வெந்துகொண்டிருக்கும். ஆப்பிள் தன் லேப்டாப்புகளைப் பயன்படுத்தச் சொல்லும் சூழல் வெப்பமே 10 முதல் 35 டிகிரி வரைதான். லித்தியம் அயனி பேட்டரிக்குச் சூடும் ஆகாது, எந்நேரமும் முழு சார்ஜில் கிடப்பதும் ஆகாது. இரண்டும் சேர்ந்தால் ஆயுள் வேகமாகக் குறையும். இரவெல்லாம் சார்ஜரில் மாட்டி, மெத்தைமேல் வைத்துவிட்டுத் தூங்குகிறவர் ஷட் டவுன் செய்தாலும் பேட்டரிக்குப் பெரிய நன்மை இல்லை. சார்ஜரைக் கழற்றி மேசைமேல் வைப்பவர் ஸ்லீப்பிலேயே விட்டாலும் கெடுதல் இல்லை. பல லேப்டாப்புகளில் சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி செட்டிங்ஸில் இருக்கிறது; கோடைக்கு முன் அதைத் தேடிப் போட்டுவிடுங்கள். இடி மின்னலோடு மழை வந்தால் பிளக்கையே சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். கணினியை அணைத்திருந்தாலும் கம்பி வழியே வரும் மின்பாய்ச்சலை அது தடுக்காது.

அணைத்தே ஆகவேண்டிய நேரமும் உண்டு. அது ராத்திரி அல்ல, விடியற்காலை. அரக்கோணம் வழியாகச் சென்னைக்கு ரயிலேறும் மாணவரும் ஊழியரும் லேப்டாப்பை மூடி அப்படியே பையில் திணிக்கிறார்கள். இன்றைய விண்டோஸ் லேப்டாப் பலவற்றின் ஸ்லீப், செல்போனைப் போல அரைத்தூக்கம். மெயில் பார்க்கவும் அப்டேட் இறக்கவும் இடையில் விழித்துக்கொள்ளும். கூட்ட நெரிசலில், காற்றுப் புகாத பைக்குள் அப்படி விழித்தால் சூடு வெளியேற வழியில்லை. பேசின் பிரிட்ஜ் தாண்டிப் பையைத் திறக்கும்போது லேப்டாப் கொதித்துக் கிடக்கும், சார்ஜும் இறங்கியிருக்கும். ஷட் டவுன் செய்ய மனமில்லாதவர்கள் ஹைபர்னேட் கொடுக்கலாம். திறந்திருந்த வேலை டிஸ்க்கில் பதிந்துவிடும், மின்சாரமும் செலவாகாது. பவர் மெனுவில் அது தென்படாவிட்டால் கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் பெரும்பாலும் கிடைக்கும்.

ஆகவே வீட்டில் மேசைமேல் இருக்கும் லேப்டாப் தாராளமாகத் தூங்கட்டும். பைக்குள் போகிற லேப்டாப்பை மட்டும் அணைத்துவிட்டுக் கிளம்புங்கள்.