கடை யாருடையது?

பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களில் கைப்பேசியையே முதலாகக் கொண்டு யூடியூபில் காணொளி வெளியிடும் இளைஞர்கள் உளர். உங்கள் இல்லத்துப் பிள்ளையும் அவர்களுள் ஒருவராயின், அவர் ஏற்றுள்ள ஒப்பந்தத்தை நீங்களும் அறிந்திருத்தல் நலம்.

நீண்ட காணொளிகளின் விளம்பர வருவாயில் படைத்தவருக்கு 55 விழுக்காடு, எஞ்சியது நிறுவனத்துக்கு. ஆனால் அப்பங்கைப் பெற 1,000 சந்தாதாரர்களும், ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அவ்வெல்லையை எட்டாதோரின் படங்களிலும் விளம்பரம் இடும் உரிமையை 2021-ல் நிறுவனம் தானே எடுத்துக்கொண்டது. அக்காசில் உழைத்தவருக்கு ஒரு பைசாவும் இல்லை!

ஒருவர் முதலிட, மற்றவர் உழைக்கும் முளாரபா கூட்டு வாணிபத்தில் இலாப விகிதம் முன்னரே இருவர் இசைவோடு வரையறுக்கப்பட வேண்டும் என்பது மார்க்கச் சட்டம். இங்கோ விதியை எழுதுபவர் ஒருவரே. மற்றவர் ‘சம்மதம்’ என்று விரலால் தொடுவதோடு சரி.

செட்டிகுளத்துச் சின்ன வெங்காய விவசாயி, விலை படியாவிடில் மூட்டையை வேறு மண்டிக்கு ஏற்றிச் செல்லலாம். சந்தாதாரர்களை அவ்வாறு ஏற்றிச் செல்ல இயலுமா? 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடைசெய்யப்பட்டபோது, சேர்த்த பார்வையாளர் அனைவரையும் இழந்தோர் எத்தனையோ பேர். தடை விதித்தது அரசுதான், நட்டம் படைத்தவருக்கு.

மூலப்படங்களைத் தம்மிடமே வைத்திருக்கிறாரா, உள்ளூர் வணிகரிடம் நேரில் விளம்பரம் பேசிப் பெறுகிறாரா என்று உங்கள் பிள்ளையிடம் இன்றே கேளுங்கள்.