மே 6: யாருக்குப் போடுவது?



"யாருக்கு டீச்சர் போடுறது? எல்லாரும் ஒரே மாதிரிதானே?"

இந்த வாரம் முழுக்கப் பாடசாலை வாசலில் பெற்றோர் கேட்கும் கேள்வி இது. தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் நாங்களும் ஆசிரியர் அறையில் இதைத்தான் பேசுகிறோம். இது எந்தக் கட்சிக்கும் வாக்குக் கேட்கும் பதிவு இல்லை.

எங்கள் வட்டாரத்தில் மூன்று பேரைப் பற்றித்தான் பேச்சு. ஒருவர் பழைய சங்கக்காரர். நள்ளிரவில் பிரசவ வலி என்றாலும் வேன் பிடித்துத் தருவார். ஆனால் கூரைத் தகரம் வந்தால் முதலில் அவருடைய சொந்தக்காரர் லயத்துக்குத்தான் போகும். இரண்டாமவர் புதியவர், கை சுத்தம். ஆனால் மேல் டிவிஷனுக்கு ஒரு நாளும் ஏறி வந்ததில்லை. மூன்றாமவர் டவுன் முதலாளி. கோயிலுக்கும் கொடுப்பார், பள்ளிவாசலுக்கும் கொடுப்பார், தேர்தலுக்கு முதல் நாள் சாராயமும் கொடுப்பார்.

"அப்போ வீட்டிலேயே இருந்துவிடுவோம்" என்கிறார்கள் சிலர். அதை மட்டும் செய்யாதீர்கள். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டப்படி, தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்க முடியாமல் இருந்தது. 2018இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. அதே ஆண்டுத் தேர்தலில்தான் நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு சபைகள் ஆறாகின. 2023 மார்ச்சில் நடக்கவிருந்த தேர்தல் பணமில்லை என்று தள்ளிப்போனது. அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் சொன்னது. இவ்வளவு இழுபறிக்குப் பிறகு கிடைத்த வாக்கு இது.

மேடையில் சம்பள உயர்வு பேசுகிறார்கள். நாட்சம்பளத்தைப் பிரதேச சபை தீர்மானிப்பதில்லை. பாதை, கான், குப்பை, தெருவிளக்கு, மயானம், நூலகம் இவைதான் சபையின் வேலை. வீட்டுக்கு வருகிற வேட்பாளரிடம் இவற்றைக் கேளுங்கள்.

இன்னொன்று. இந்தத் தேர்தலில் விருப்பு வாக்கு இல்லை. கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ ஒரே ஒரு புள்ளடி. அந்த ஒரு வாக்கே வட்டாரத்துக்கும் சேரும், பட்டியலுக்கும் சேரும். 60 வீதம் வட்டாரத்திலிருந்து, 40 வீதம் பட்டியலிலிருந்து. ஆகவே ஆளை மட்டும் பார்த்தால் போதாது. அவருக்குப் பின்னால் பட்டியலில் யார் யார் இருக்கிறார்கள் என்றும் பாருங்கள்.

"நம்ம ஆள், நம்ம சமூகம்" என்று ஹட்டன் டவுனில் எங்களிடமும் சொல்கிறார்கள், லயத்தில் உங்களிடமும் சொல்கிறார்கள். வாக்கு ஓர் அமானிதம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அமானிதத்தை உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும், உறவினரிடம் அல்ல.

குறை இல்லாதவர் இல்லை. ஆனால் எல்லாக் குறையும் ஒன்றல்ல. டிவிஷனுக்கு வராதவரை நாம் நாலு பேர் போய் நின்றால் வரவைக்கலாம். பொதுச் சாமானைச் சொந்தத்துக்குக் கொடுப்பவரைத் திருத்துவது கஷ்டம், ஏனென்றால் சபையின் வேலையே பங்கிட்டுக் கொடுப்பதுதான். சாராயம் கொடுப்பவரோ கணக்கை அன்றைக்கே தீர்த்துவிட்டார், பிறகு அவரிடம் எதையும் கேட்க முடியாது.

வேன் பிடித்துத் தந்தவரின் உதவியை நாங்களும் மறக்கவில்லை. அவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு முதல் ஆளாக நின்று அந்த நன்றியைத் தீர்ப்போம். வாக்கால் தீர்க்க வேண்டாம்.

கை சுத்தமானவரும் நாளை ஏமாற்றலாம், அதுவும் தெரியும். அதனால் 6ஆம் திகதியோடு வேலை முடியாது. மழை தொடங்கி, பிள்ளைகள் சேற்றுப் பாதையில் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு வரும் நாளில், யார் வென்றிருந்தாலும் அவர் வீட்டு வாசலுக்கு எல்லோரும் சேர்ந்தே போவோம்.