அணைவது கோளாறு அல்ல

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த மின்கெண்டியைச் செருகினால், சில நொடிகளில் எம்.சி.பி. சுவிட்ச் விழுந்துவிடுகிறது. தூக்கிவிட்டால் மறுபடியும் விழுகிறது. “வெளிநாட்டுச் சாமானில் கோளாறா, சார்?” என்று கேட்டார் ஒரு மாணவர். கோளாறு கெண்டியில் இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கெண்டியின் அடியில் 120 வோல்ட், 1200 வாட் என்று பொறித்திருக்கிறது. அப்படியானால் மின்னோட்டம் 10 ஆம்பியர். மின்தடை 12 ஓம். நம் வீட்டிலோ 230 வோல்ட். அதே 12 ஓம் வழியே இப்போது ஏறத்தாழ 19 ஆம்பியர் பாய்கிறது. திறன் சுமார் 4400 வாட்! 6 ஆம்பியர் எம்.சி.பி.யிலுள்ள ஈருலோகப் பட்டை சூடேறி வளைந்து, மின்சுற்றைத் துண்டிக்கிறது.

“அடாப்டர் போட்டோமே!” என்பார்கள். அது பிளக்கின் வடிவத்தை மாற்றும், மின்னழுத்தத்தை மாற்றாது.

“பெரிய எம்.சி.பி. போட்டால் சரியாகிவிடும்” என்று யோசனை சொல்வோரும் உண்டு. இதை நான் வன்மையாக மறுக்கிறேன். எம்.சி.பி. காப்பது சுவருக்குள் ஓடும் கம்பியை. காவற்காரனை அனுப்பிவிட்டால் அக்கம்பிதான் கொதிக்கும். தீயும் அங்கேதான் பிடிக்கும்.

1200 வாட்டுக்கு மேல் தாங்கும் இறக்கு மின்மாற்றி கிடைக்கும். ஆனால் ஒரு கெண்டிக்காக அந்தக் கனத்தைச் சுமப்பதைவிட உள்ளூர்க் கெண்டி வாங்குவதே மேல்.

மாணவர்களே, எதையும் செருகுமுன் அதன் அடியைப் படியுங்கள். ‘100–240 வோல்ட்’ என்றிருந்தால் செருகலாம். ‘120’ மட்டும் இருந்தால் நேரடியாகச் செருகக் கூடாது. ஓம் விதி தேர்வுத்தாளுக்கு மட்டுமன்று, அடுக்களைக்கும் உரியது.