கரண்டு பில் பேசும் பாஷை

அந்தி மயங்கியதும் வீட்டில் விளக்குப் போடுவார்கள். போட்டவுடன் இரண்டு கையையும் குவித்துக் கும்பிடுவார்கள். அகல் விளக்கானாலும் சரி, மின்சார பல்பானாலும் சரி, தமிழர் வீடுகளில் அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. விளக்கை "அணை" என்று சொல்வதுகூட ஆகாது என்பார்கள் பெரியவர்கள். "குளிர வை" என்றுதான் சொல்ல வேண்டும்.

அழகான பேச்சுதான். ஆனால் ஆள் இல்லாத அறையில் விளக்கு எரிகிறது. காலிக் கட்டிலுக்கு விசிறி காற்று வீசுகிறது. அவற்றைக் குளிர வைக்கத்தான் யாருக்கும் கை வருவதில்லை. மாதம் முடிந்து பில் வந்ததும் வீட்டில் சூடு பிறக்கிறது. "யார் இவ்வளவு கரண்டு செலவழித்தது?" என்று அப்பா கேட்கிறார். "நீங்கள்தான்" என்று அம்மா சொல்கிறார். பிள்ளைகள் மெல்ல நழுவி விடுகிறார்கள்.

புதுச்சேரி நகரத்துக்கு வேண்டிய மின்சாரத்தில் பெரும் பகுதி வெளியிலிருந்து வருகிறது. புதுவை அரசாங்கத்துக்குச் சொந்தமான மின் நிலையம் காரைக்காலில் இருக்கிறது. எரிவாயுவில் ஓடும் அந்த நிலையம் சிறியது. அதன் திறன் 32.5 மெகாவாட். மற்றதெல்லாம் நெய்வேலி, கல்பாக்கம், தெலங்கானாவில் உள்ள ராமகுண்டம் போன்ற இடங்களிலிருந்து கம்பி வழியாக வர வேண்டும். நெய்வேலியில் பூமியைத் தோண்டுகிறார்கள். பழுப்பு நிலக்கரியை எடுக்கிறார்கள். அதை எரித்து நீராவி உண்டாக்கி யந்திரத்தைச் சுழற்றுகிறார்கள். அந்த மின்சாரம் கம்பியில் ஓடி வரும்போதே வழியில் கொஞ்சம் வீணாகிறது. ஆகவே, முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டில் ஒரு யூனிட் மிச்சமானால், நெய்வேலியில் ஒரு யூனிட்டுக்கு மேலேயே மிச்சம்.

ஒரு யூனிட் என்றால் என்ன? 1000 வாட் சாமான் ஒன்று ஒரு மணி நேரம் ஓடினால் அது ஒரு யூனிட். 100 வாட் சாமான் பத்து மணி நேரம் ஓடினாலும் ஒரு யூனிட்தான். இந்தக் கணக்கு மட்டும் தெரிந்தால் போதும். கரண்டு பில்லை யாரும் படித்து விடலாம்.

படம் வரைந்தால் போதுமா?

ஆண்டுதோறும் டிசம்பர் 14-ந் தேதி, நாடு முழுவதும் எரிசக்தி சேமிப்பு நாள் கொண்டாடப்படுகிறது. பள்ளிக்கூடங்களில் ஓவியப் போட்டி வைக்கிறார்கள். ஊர்வலம் போகிறார்கள். மின்சாரத்தைச் சேமிப்போம் என்று சுவரில் எழுதுகிறார்கள். எல்லாம் நல்ல காரியமே. குழந்தைகள் வீட்டுக்குப் போய்ச் சொன்னால் பெரியவர்கள் கேட்பார்கள் என்பதும் உண்மையே.

ஆனால் சுவரில் எழுதிய எழுத்து ஒரு யூனிட்டையாவது குறைத்தது உண்டா? புத்தி சொல்வது சுலபம். புத்தியோடு கையில் ஒரு பொருளையும் கொடுத்தால்தான் காரியம் நடக்கும். இதை இந்தியாவுக்கே முதலில் காட்டிக் கொடுத்த ஊர் புதுச்சேரி. இது ஊர்க்காரர்களிலேயே பலருக்கு மறந்து போயிருக்கும்.

2014-ம் ஆண்டு அது. எல்.இ.டி. பல்பு என்பது அப்போது பணக்காரர் வீட்டுச் சாமான். மத்திய அரசாங்கத்தின் இ.இ.எஸ்.எல். என்ற நிறுவனம் மொத்தமாக வாங்கியபோதே ஒரு பல்பு 310 ரூபாய். கூலி வேலை செய்யும் குடும்பம் 310 ரூபாய் கொடுத்து ஒரு பல்பு வாங்குமா? வாங்காது. அதுவும் பக்கத்துக் கடையில் குண்டு பல்பு சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்போது!

ஆகவே ஒரு யுக்தி செய்தார்கள். எரிந்து கொண்டிருக்கும் 60 வாட் குண்டு பல்பைக் கொண்டு வா. பத்து ரூபாய் கொடு. 7 வாட் எல்.இ.டி. பல்பை எடுத்துக் கொண்டு போ. ஒரு வீட்டுக்கு மூன்று பல்பு வரை. மீதிப் பணம்? மின்சாரம் மிச்சமாவதால் மின்துறைக்கு லாபம் அல்லவா? அந்த லாபத்திலிருந்து தவணையாகக் கட்டுவது என்று ஏற்பாடு.

கணக்கைப் பாருங்கள். ஒரு குண்டு பல்பு தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் மாதம் 9 யூனிட். 7 வாட் பல்பு அதே நேரம் எரிந்தால் மாதம் ஒரு யூனிட்தான், அதற்குச் சற்றே கூட. மூன்று பல்பை மாற்றிய வீட்டில் மாதம் 23 யூனிட்டுக்கு மேல் மிச்சம். வெளிச்சம் குறைந்ததா? இல்லை. குண்டு பல்பு தான் தின்ற மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சூடாக்கி வீணடித்தது. புதுவைப் புழுக்கத்தில் அந்தச் சூட்டை யார் கேட்டார்கள்?

புதுவையில் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட பல்புகள் இப்படி வீடு போய்ச் சேர்ந்தன. 2015 ஜனவரியில் இந்தத் திட்டம் நாடு முழுவதும் பரவியது. பிறகு அதற்கு "உஜாலா" என்று பெயர் வைத்தார்கள். 2016-ல் அதே நிறுவனம் ஒரு பல்பை 38 ரூபாய்க்கு வாங்கும் அளவுக்கு விலை இறங்கி விட்டது. நாடெங்கும் கொடுத்த பல்புகள் 36 கோடிக்கு மேல். தொடங்கிய இடம் இந்தச் சின்ன ஊர்.

விசிறிக்கு யார் சொல்வது?

பல்பு மாறி விட்டது. விசிறி மாறவில்லை. அங்கேதான் இன்று மின்சாரம் போகிறது.

பழைய மாதிரி சீலிங் ஃபேன் ஒன்று 75 வாட் இழுக்கும். தினம் 15 மணி நேரம் ஓடினால் மாதம் 34 யூனிட் ஆகிறது. பி.எல்.டி.சி. என்று கடையில் சொல்லும் புது மாதிரி விசிறி 30 வாட்டில் அதே காற்றைக் கொடுக்கிறது. மாதம் 13½ யூனிட். ஒரு விசிறியில் மட்டும் 20 யூனிட் மிச்சம். விசிறி இரண்டு என்றால் 40. புதுவையில் கரண்டு விலை படிப்படியாக ஏறும். முதல் 100 யூனிட்டுக்கு ஒரு விலை, அடுத்த 100-க்கு அதைவிட அதிகம், அதற்கும் மேலே போனால் இன்னும் அதிகம். மிச்சமாகும் யூனிட் எப்போதும் மேல் படியிலிருந்துதான் கழியும். ஆகவே சேமிப்பு கண்ணுக்குத் தெரியும்.

2023-ம் ஆண்டு ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேன்களுக்கும் நட்சத்திரச் சீட்டு கட்டாயம். ஆனால் அந்த நட்சத்திரத்துக்கு என்ன அர்த்தம் என்று விளக்குவார் யாரும் இல்லை. கடைக்காரர் விலையைச் சொல்வார். பில்லைப் பற்றி அவருக்கு என்ன கவலை? புது விசிறியின் விலை அதிகம். வாங்க வந்தவர் விலை குறைந்ததைக் கேட்பார், வாங்கிப் போவார், பத்து ஆண்டுக்கு வட்டி கட்டுவதுபோல் மாதா மாதம் கட்டுவார்.

இங்கேதான் ஓர் ஆலோசனைக் குழு வேண்டியிருக்கிறது. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து டீயும் பிஸ்கோத்தும் சாப்பிட்டுக் கலையும் குழு அல்ல. தெருவில் இறங்கும் குழு.

அப்படிப்பட்ட குழுவுக்கு விதி ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார்கள். 2015-ல் தொடங்கிய ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில், ஒவ்வொரு நகரத்துக்கும் ஓர் ஆலோசனை மன்றம் வேண்டும் என்று சொல்லியிருந்தது. கலெக்டர், எம்.பி., எம்.எல்.ஏ., மேயர் மட்டும் அல்ல. குடியிருப்போர் சங்கம், வரி செலுத்துவோர் சங்கம், குடிசைப் பகுதிக் கூட்டமைப்பு, மாதர் சங்கம், வாலிபர் சங்கம் ஆகியவற்றுக்கும் அதில் இடம் உண்டு. புதுச்சேரி 2017-ல் அந்தத் திட்டத்தில் சேர்ந்தது. 2025 மார்ச்சோடு திட்டம் முடிந்து விட்டது. திட்டம் முடியலாம், ஜனங்கள் கரண்டு பில் கட்டுவது முடியவில்லையே! அந்தப் பட்டியலில் கடைசியில் எழுதிய மாதர் சங்கத்தையும் குடிசைப் பகுதிக் கூட்டமைப்பையும் முதலில் வைத்து, வார்டுக்கு ஒரு குழுவை இனிமேலாவது அமைக்கலாம்.

புதுவைக்கு இது மற்ற ஊர்களைவிட அதிகமாக வேண்டும். காரணம் உண்டு. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் 1880-லேயே நகரசபைகள் வந்த ஊர் இது. கடற்கரையில் "மெரி" என்று நகரசபை மாளிகையே கட்டியிருந்தார்கள். 2014 நவம்பர் மழையில் அது இடிந்து விழுந்தது. பிறகு அதே சாயலில் புதிதாகக் கட்டி விட்டார்கள். மாளிகை வந்து விட்டது, மேயரைத்தான் காணோம்! 1968-க்குப் பிறகு 38 ஆண்டுகள் உள்ளாட்சித் தேர்தல் இல்லை. 2006-ல் ஒரு தடவை நடந்தது. 2011-ல் அந்த மன்றங்களின் காலம் முடிந்தது. அதன் பின் பத்தாண்டுகளுக்கு மேல் கழிந்தும் தேர்தல் வரவில்லை. பட்டப்பகலில் தெருவிளக்கு எரிகிறது என்று போய்ச் சொல்ல, வார்டில் ஓர் உறுப்பினர் இல்லாமலே ஒரு தலைமுறை வளர்ந்து விட்டது. குழு என்பது தேர்தலுக்கு மாற்று அல்ல. ஆனாலும் தெருவிளக்கைப் பார்க்க நாலு கண்ணாவது கிடைக்கும்.

"ஏழை வீட்டில்தானா சேமிப்பு?"

இப்படி ஒரு கேள்வி கட்டாயம் வரும். நியாயமான கேள்வி. வைத்திக்குப்பத்தில் மீன் விற்கும் அம்மாள் ஒரு விசிறியும் இரண்டு பல்பும் வைத்திருக்கிறார். அவரிடம் போய் "சிக்கனமாயிரு" என்று சொல்ல யாருக்கும் முகம் இல்லை. ஆபீஸ்களிலும் ஓட்டல்களிலும் ஏ.சி. ஓடுகிறது. சில இடங்களில் உள்ளே போனால் சால்வை கேட்கும்! ஏ.சி.யில் ஒரு டிகிரி உயர்த்தி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்று மத்திய எரிசக்தித் திறன் நிறுவனம் சொல்கிறது. 20-ல் வைத்திருப்பதை 24-ல் வைத்தால் ஏறக்குறையக் கால் பங்கு மிச்சம். 2020 முதல் விற்பனைக்கு வரும் ஏ.சி.க்கள் 24-லேயே தொடங்க வேண்டும் என்று உத்தரவு இருக்கிறது. ரிமோட்டை எடுத்து அதைக் கீழே இறக்குவது மனிதன்தான்.

ஆகவே குழுவின் முதல் வேலை, சர்க்கார் ஆபீஸ் வாசலில் தொடங்க வேண்டும். ஒவ்வோர் ஆபீஸும் இந்த மாதம் எத்தனை யூனிட் செலவழித்தது, போன மாதம் எத்தனை என்று வாசலில் ஒரு பலகையில் எழுதிப் போடட்டும். எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் நின்று பார்க்கட்டும். அதன் பிறகு குப்பத்துக்குப் போய்ப் பேசினால் ஜனங்கள் காது கொடுப்பார்கள்.

இன்னொன்றும் உண்டு. குளிர்ச்சிக்கு மின்சாரம் ஒன்றே வழி என்று இந்த ஊர் ஒரு காலத்தில் நினைத்ததில்லை. தமிழர் தெருக்களில் பழைய வீடுகளைப் பாருங்கள். வாசலில் தாழ்வாரம், திண்ணை, நடுவில் முற்றம். தேக்கு விட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை பூசிய உயரமான தளம். முற்றத்துக் காற்று வீடு முழுக்கச் சுற்றும். வெள்ளைக்காரத் தெருவில் சட்டம் வைத்த ஜன்னல்கள் வெயிலைத் தடுத்துக் காற்றை விட்டன. அரவிந்தர் ஆசிரமத்துக்காக, 1930-களின் பிற்பகுதியில் தொடங்கி, "கோல்கொண்டா" என்ற விடுதியைக் கட்டினார்கள். ஐதராபாத் நிஜாம் கொடுத்த பணம் உதவியதால் அந்தப் பெயர். ஆண்டனின் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞர் வரைந்தது. வடக்கும் தெற்கும் சுவருக்குப் பதிலாகத் திருப்பி வைக்கக்கூடிய கான்கிரீட் பலகைகள். வெயில் வந்தால் சாய்க்கலாம். காற்று வந்தால் திறக்கலாம். விசிறி இல்லாமலே மனிதர் வசிக்கும்படி கட்டிய கட்டடம் அது.

இன்று லாஸ்பேட்டையிலோ ரெட்டியார்பாளையத்திலோ கட்டும் வீட்டுக்கு முற்றமும் திண்ணையும் வைக்க இடம் இல்லை. சரி, மொட்டை மாடியில் வெள்ளையாவது அடிக்கலாமே! கோடை பிறக்கும் முன்பு தளத்துக்குச் சுண்ணாம்பு அடித்தால், வெயிலில் பெரும் பகுதி திரும்பிப் போய் விடும். கீழ் அறையில் சூடு இறங்காது. ஒரு நாள் கூலியும் சில மூட்டைச் சுண்ணாம்பும்தான் செலவு.

சூரிய ஒளிப் பலகைக்கும் இப்போது உதவி கிடைக்கிறது. 2024-ல் வந்த மத்தியத் திட்டத்தில், 3 கிலோவாட் வைத்தால் 78,000 ரூபாய் மானியம். சொந்த மாடி உள்ளவர்கள் தாராளமாக விசாரிக்கலாம்.

சொந்த மாடி இல்லாதவர்கள்? குடித்தனக்காரரின் கஷ்டத்தை எந்தக் கூட்டத்திலும் பேசுவதில்லை. சில வீட்டுக்காரர்கள் தனி மீட்டர் வைக்காமல், யூனிட்டுக்கு இவ்வளவு என்று தாங்களே ஒரு விலை போட்டு வாங்குகிறார்கள். அந்த விலை மின்துறையின் விலைக்கு மேலே இருக்கும். மேல் படி, கீழ்ப் படி என்ற கணக்கெல்லாம் அங்கே கிடையாது. விசிறியும் வீட்டுக்காரர் மாட்டிய பழைய விசிறி. அதை மாற்ற அவருக்கு என்ன அவசரம்? பில் கட்டுவது குடித்தனக்காரர் அல்லவா? வார்டுக் குழு ஒன்று அமைந்தால், வீட்டுக்காரரையும் குடித்தனக்காரரையும் ஒரே திண்ணையில் உட்கார வைத்து அது பேச வேண்டிய முதல் வழக்கு இதுதான். விசிறியின் விலையில் பாதி இவர், பாதி அவர். தனி மீட்டருக்கு மனு எழுதிக் கொடுக்க, அதே தெருவில் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.