பத்திரத்தைப் படித்தீர்களா?



சென்ற வாரம் என் மாணவன் ஒருவனின் தாத்தா பள்ளிக்கு வந்தார். முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவியவர். ஓய்வு பெற்றதும் சேமநிதிப் பணத்தில் இரண்டு ஏக்கர் செம்பனை வாங்கி, பலகை வீடு கட்டி, இரண்டு பசுக்களும் வளர்க்கிறார். கையில் ஒரு காப்புறுதிப் பத்திரம்.

"வாத்தியாரய்யா, 2021 வெள்ளத்தில சாமானெல்லாம் போச்சு. வருசா வருசம் கட்டியும் ஒரு காசு கிடைக்கலே. இப்போ மறுபடியும் கட்டச் சொல்றாங்க. படிச்சுச் சொல்லுங்க" என்றார்.

படித்தேன். அது வெறும் தீக் காப்புறுதி. தீ, மின்னல், வீட்டுக் கேஸ் தோம்பு வெடிப்பது, இவற்றுக்குத்தான் பொறுப்பு. வெள்ளத்துக்குத் தனியாகப் பணம் கட்டிச் சேர்த்திருக்க வேண்டும். வீட்டுச் சாமான்களுக்கும் தனிக் காப்புறுதி வேண்டும். பெரியவர் தலை குனிந்துகொண்டார். இத்தனை ஆண்டுகளாக அதை அவருக்குப் படித்துச் சொல்ல ஆளில்லை!

இன்னொன்றும் கண்டேன். திரும்பக் கட்ட 60,000 வெள்ளி பிடிக்கும் வீட்டை 30,000 வெள்ளிக்கே எழுதியிருந்தார். இப்படிக் குறைத்து எழுதினால், தீயில் 20,000 வெள்ளி நட்டமானாலும் பாதிதான், அதாவது 10,000 வெள்ளிதான் கிடைக்கும். கட்டணத்தை மிச்சம் பிடிக்கப்போய் வீட்டை இழக்கலாமா?

"பசுவுக்கும் எடுக்கலாமா ஐயா?" என்று கேட்டார். "குலை வெட்டுவது யார்?" என்றேன். "மகன்தான்." தோட்டத்தில் சம்பளத்துக்கு வேலை செய்தால் சொக்சோ உண்டு. சொந்த நிலத்தில் அது தானாக வராது. சுயதொழில் செய்வோருக்கான சொக்சோவுக்கு 2017-இல் சட்டம் வந்தது. 2020 முதல் விவசாயிகளும் சேரலாம். நாமே போய்ப் பதிந்து சந்தா கட்ட வேண்டும்.

கையில் இருப்பதோ கொஞ்சப் பணம். எது போனால் குடும்பம் மறுபடி எழ முடியாதோ, அதற்கே முதலிடம். முதலில் மகனின் கை கால், அடுத்து வீடும் வெள்ளமும், பிறகுதான் பசு. பெரியவரும் ஒப்புக்கொண்டார்.

நீங்களும் இன்றே பெட்டியைத் திறந்து பத்திரத்தை எடுங்கள். படித்த பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். முகவர் வந்தால், "வெள்ளம் எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது? காட்டுங்கள்" என்று கேளுங்கள். பலகைச் சுவரைக் கல் சுவர் என்று எழுத விடாதீர்கள். அந்தப் பொய் நட்டஈடு கேட்கும் நாளில் உங்களுக்கே வினையாகும்.

கையெழுத்துப் போடுமுன் கேட்பதில் வெட்கமில்லை. மீண்டும் சந்திப்போம்.