மாணவர் விசாவில் துணைவருடன் வெளிநாடு செல்லும் குடும்பங்கள் ஏமாறாமல் காக்கக் கோரும் மனு

அனுப்புநர்
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
வெளிநாட்டில் பயிலும் மாணவர் குடும்பத்தினர் சங்கம்,
புதுக்கோட்டை மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
புதுக்கோட்டை.

நகல்: ஆணையர், அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை, சென்னை; மாவட்டப் பதிவாளர், புதுக்கோட்டை.

பொருள்: மாணவர் விசாவில் கணவன் அல்லது மனைவியுடன் வெளிநாடு செல்வோருக்குச் சரியான தகவல், திருமணச் சான்றில் முழுப்பெயர், கல்வி ஆலோசனை முகவர்கள் மீது கண்காணிப்பு வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

பர்மா, மலாயா, சிங்கப்பூர், பிறகு வளைகுடா என்று இந்த மாவட்டத்து ஆண்கள் தலைமுறை தலைமுறையாகக் கடல் கடந்து சம்பாதித்தவர்கள். மனைவி மக்கள் ஊரில் காத்திருந்தார்கள். இப்போது பொன்னமராவதியிலும் ஆலங்குடியிலும் அறந்தாங்கியிலும் நடப்பது வேறு. மேற்படிப்புக்கு மனைவி விசா எடுக்கிறார். அவரைச் சார்ந்தவராகக் கணவரும் கூடவே போகிறார். அல்லது கணவர் படிக்க, மனைவி வேலைக்குப் போகிறார். ஒருவர் சம்பளத்தில் மற்றவர் கட்டணத்தை அடைத்துவிடலாம் என்ற இந்தக் கணக்கை நம்பித்தான் நகை அடகுக்குப் போகிறது, நிலம் கைமாறுகிறது, சில வீடுகளில் கல்யாணமே நிச்சயமாகிறது. ஆனால் 2024 முதல் பல நாடுகளில் அந்தக் கணக்கு செல்லாது. பணத்தைக் கட்டி முடித்த பிறகே எங்கள் குடும்பங்களுக்கு அது தெரியவருகிறது. இம்மனுவுக்குக் காரணம் இதுதான்.

2024 ஜனவரி 1 முதல் தொடங்கும் படிப்புகளில், ஆராய்ச்சிப் பட்டம் படிப்போரும் அரசு உதவித்தொகையில் படிப்போரும் தவிர மற்ற மாணவர்கள் கணவன், மனைவி, பிள்ளைகளை அழைத்துவர பிரிட்டன் அனுமதிப்பதில்லை. நம் பிள்ளைகள் விரும்பிச் சேரும் ஓராண்டு எம்.எஸ்சி., எம்.பி.ஏ. இரண்டுமே இந்தத் தடைக்குள் வருகின்றன. கனடா 2025 ஜனவரி 21 முதல், 16 மாதமோ அதற்கு மேலோ நீளும் முதுநிலைப் படிப்பு, முனைவர் பட்டம், குறிப்பிட்ட சில தொழிற்படிப்புகள் ஆகியவற்றில் சேர்ந்தவரின் துணைக்கு மட்டுமே திறந்த வேலை அனுமதி தருகிறது. அந்நாட்டில் ஒரு மாணவர் காட்ட வேண்டிய இருப்புத் தொகையும் 2024 ஜனவரியில் 10,000 கனடா டாலரிலிருந்து 20,635 கனடா டாலராக ஏறியது. துணையும் சேர்ந்தால் அதற்கு மேல். அமெரிக்காவில் மாணவரைச் சார்ந்தவருக்கான எஃப்-2 விசாவில் இருக்கும் துணைவர் வேலை பார்க்கவே முடியாது. ஆஸ்திரேலியா துணையை அனுமதிக்கிறது. ஆனால் துணைவர் பிறகுதான் வரப்போகிறார் என்றாலும் முதல் விண்ணப்பத்திலேயே அவரைக் குறிப்பிட்டாக வேண்டும். "இப்போதைக்குத் தனியாள் என்று போடுங்கள், அங்கே போய்ச் சேர்த்துக்கொள்ளலாம்" என்று இங்கே சொல்லப்படும் யோசனையைக் கேட்டு நடந்தவர்கள், பின்னால் துணையை அழைக்க வழியில்லாமல் நிற்கிறார்கள்.

பிற நாட்டுச் சட்டத்தைத் தங்களால் மாற்ற முடியாது என்பதை நாங்கள் அறிவோம். மாவட்ட நிர்வாகத்தின் கைக்கு எட்டியதையே கேட்கிறோம்.

முதலாவது, முகவர்கள். ஆலங்குடிப் பக்கத்து உறுப்பினர் ஒருவரின் மகள் ஓராண்டுப் படிப்புக்கு பிரிட்டன் போனார். திருமணமாகி நான்கு மாதம். கணவருக்கும் சேர்த்து எவ்வளவு ஆகும் என்று கேட்டபோது, முகவர் தம் விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் இரண்டு தொகைகளை எழுதி, கீழே கோடு போட்டுக் கூட்டிக் கொடுத்தார். அந்த அட்டைதான் அவர்களிடம் உள்ள ஒரே ஆதாரம். ரசீது இல்லை, ஒப்பந்தம் இல்லை. கணவர் இன்னும் ஊரில்தான் இருக்கிறார். பாதிப் பணமும் திரும்பவில்லை. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் வேலைக்கு ஆள் அனுப்புவோரைப் பதிவுக்குள் கொண்டுவந்தது. படிக்க அனுப்புவோர் அதற்குள் வருவதில்லை. பஞ்சாப் மாநிலம் இதே துன்பத்தைப் பட்ட பிறகு 2012-இல் தனிச் சட்டம் இயற்றி, விசா ஆலோசகர்களும் ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுப் பயிற்சி மையங்களும் மாவட்ட நிர்வாகத்திடம் உரிமம் பெறச் செய்தது. அப்படியொரு சட்டத்தைத் தமிழ்நாட்டுக்கும் பரிந்துரைக்க வேண்டுகிறோம். அதுவரை, மாவட்டத்தில் இயங்கும் ஆலோசனை நிறுவனங்களின் பட்டியலைத் தயாரித்து, ரசீதும் எழுத்து ஒப்பந்தமும் இல்லாமல் பணம் வாங்கக் கூடாது என்று எச்சரித்து, புகார்களை மாவட்டக் குற்றப்பிரிவு உடனே எடுத்துக்கொள்ள ஆணையிட வேண்டும்.

இரண்டாவது, பெயர். இதனால் படும் அலைச்சலை வெளியில் இருப்பவர்கள் அறியமாட்டார்கள். திருமணச் சான்றில் பெண்ணின் பெயர் க. மீனா. பாஸ்போர்ட்டில் மீனா கருப்பையா. பட்டச் சான்றில் மீனா கே. கல்யாணத்துக்குப் பின் மாற்றிய ஆதாரில் கணவரின் இனிஷியல் ஏறி மீனா எஸ். நமக்கு இது ஒரே பெண். குடும்பப் பெயர் வழக்கமுள்ள நாட்டின் விசா அதிகாரிக்கு நான்கு பெண்கள். அவர் இத்தம்பதியின் திருமணத்தையே சந்தேகிக்கிறார். உடனே நோட்டரி, பிரமாணப் பத்திரம், அரசிதழ் என்று செலவு தொடங்குகிறது; அதற்குள் கல்லூரி சேரும் தேதி கடந்துவிடுகிறது. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009-இன்படி எந்த மதத்தவரும் 90 நாட்களுக்குள், கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். பள்ளிவாசல் பதிவேட்டிலும் தேவாலயப் பதிவேட்டிலும் எழுதியதே போதும் என்று கோட்டைப்பட்டினம், மணமேல்குடிப் பக்கம் இன்னும் பலர் இருந்துவிடுகிறார்கள். ஆகவே பதிவின்போதே பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுப்பெயரைக் கேட்டு எழுதவும், இனிஷியலை விரித்துத் தரும் திருத்தத்தைக் குறித்த நாளுக்குள் முடிக்கவும், சான்றை வெளிநாட்டில் ஏற்கச் செய்யும் அப்போஸ்டில் முத்திரைக்கான வழிமுறையைச் சார்பதிவாளர் அலுவலக அறிவிப்புப் பலகையில் தமிழில் எழுதி வைக்கவும் உத்தரவிட வேண்டும்.

மூன்றாவதை மனவேதனையுடன் எழுதுகிறோம். பஞ்சாபில் ஐஈஎல்டிஎஸ் மதிப்பெண்ணைப் பார்த்தே கல்யாணம் பேசி, மாப்பிள்ளை வீடு படிப்புச் செலவை ஏற்பதும், பிறகு உறவு முறிந்து வழக்காவதும் பல காலமாக நடக்கிறது. அந்தப் பேச்சு இப்போது இங்கும் தொடங்கிவிட்டது. துணை விசா கிடைக்காது என்று தெரிந்ததும் போட்ட நகையைத் திருப்பிக் கேட்பது, பெண்ணைப் படிப்பை விட்டு வரச் சொல்வது, ஊரில் இருக்கும் மருமகளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவது என எங்களிடம் வந்த முறையீடுகளில் நசுங்குவது பெரும்பாலும் பெண்களே. வெளிநாடுவாழ் இந்தியர் திருமணச் சிக்கல்களுக்குத் தேசிய மகளிர் ஆணையத்தில் தனிப் பிரிவு இருக்கிறது. ஆனால் கறம்பக்குடியில் இருக்கும் ஒரு பெண் தில்லிக்கு எப்படி முறையிடுவார்? மாவட்டச் சமூக நல அலுவலரும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் இம்முறையீடுகளை நேரடியாகப் பெற வேண்டும்.

நான்காவது, கடன். வங்கிகள், கல்விக் கடன் படிப்பவருக்கு மட்டுமே, துணைவரின் பயணத்துக்கும் இருப்புத் தொகைக்கும் அல்ல என்பதைக் கடன் மனு வாங்கும் நாளிலேயே சொல்ல வேண்டும். இதை முன்னோடி வங்கி மேலாளர் வழியாக அறிவுறுத்த வேண்டுகிறோம்.

இவை அனைத்திற்கும் முன்னால் வேண்டியது, ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு தகவல் மேசை. அந்தந்த நாட்டின் அரசு இணையதளத்தில் உள்ள விதியை அச்சிட்டு, தமிழில் விளக்கி, தேதியிட்டு ஒட்டினால் போதும். அயலகத் தமிழர் நலத் துறையின் உதவி எண்ணும் அங்கேயே இருக்கட்டும். விவரம் திரட்டித் தர எங்கள் உறுப்பினர்கள் ஊதியமின்றி உழைக்கத் தயார்.

செப்டம்பர் சேர்க்கைக்கான முன்பணத்தைப் பெரும்பாலான குடும்பங்கள் கோடை விடுமுறையிலேயே கட்டிவிடுகின்றன. ஆகவே பதிவுத் துறை, காவல் துறை, சமூக நலத் துறை, வங்கி அலுவலர்களுடன் எங்களையும் அழைத்து, ஏப்ரல் மாதத்துக்குள் தங்கள் தலைமையில் ஒரு கூட்டம் நடத்தித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்.

இடம்: புதுக்கோட்டை
மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம், திங்கட்கிழமை